சுவருக்கு அனுமதி, நடைபாதைக்குத் தடை!

புது தில்லி: தலைநகரின் லோதி காலனியில் குடியிருப்போரில் பெரும்பாலோர் மத்திய அரசு ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். ஆனால், அவர்கள் வசிக்கும் தெருக்களுக்கு அன்றுதான் கூட்டம் வருகிறது. கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்ட கல்லூரி மாணவர்கள், குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்து வரும் பெற்றோர், வெளிநாட்டுப் பயணிகள் எனப் பலரும் தெருத்தெருவாக நடக்கின்றனர். அவர்கள் அண்ணாந்து பார்ப்பது கோயில் கோபுரத்தையோ, கோட்டை மதிலையோ அல்ல. அரசுக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களை.

அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவில் தரியாகஞ்ச். அங்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம்தான். நேதாஜி சுபாஷ் மார்க் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, அதன் மீது பழைய புத்தகங்களைக் குவித்து விற்பார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவந்த அந்த ஞாயிறு சந்தை 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டது. இன்று அது வேறோர் இடத்தில், வேலிக்குள் நடக்கிறது.

சுவரும் நடைபாதையும் பொது இடங்களே. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. சுவரில் எழுதுவதையும் வரைவதையும் குற்றம் என்கிறது ஒரு சட்டம். நடைபாதையில் விற்பவரின் வாழ்வாதாரத்தைக் காப்பேன் என்கிறது மற்றொரு சட்டம். ஆனால், தலைநகரில் நடந்தது நேர்மாறானது. தடைச் சட்டம் இருந்தும் சுவர்களுக்கு அனுமதி கிடைத்தது. பாதுகாப்புச் சட்டம் இருந்தும் நடைபாதைக்குத் தடை விழுந்தது.

கடைசிக் குடியிருப்பு: லோதி காலனி 1940-களில் கட்டப்பட்டது. புது தில்லியில் அரசு ஊழியர்களுக்காக ஆங்கிலேயர் கட்டிய கடைசிக் குடியிருப்பு இதுவே எனக் கூறப்படுகிறது. அகலமான தெருக்கள், நிழல் தரும் மரங்கள், ஒரு கட்டடத்தையும் அடுத்த கட்டடத்தையும் இணைக்கும் உயரமான வளைவுகள், அவற்றின் இருபுறமும் பெரிய சுவர்கள். ஓவியர்களின் கண்ணில் இந்தக் குடியிருப்பு பட்டதற்கு அதன் அமைப்பே காரணம். தெருவில் நடப்பவரின் பார்வைக்கு நேராக, ஏறத்தாழ ஒரே அளவில், வரிசையாகச் சுவர்கள் அமைந்த இடம் தலைநகரில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

தில்லித் தமிழர்களுக்கும் இந்தப் பகுதி புதிதல்ல. மத்திய அரசுப் பணிக்காகத் தலைநகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் சுற்றுப்புறங்களிலும் வாழ்ந்தன. அருகில் உள்ள லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்குகிறது.

ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை என்ற அமைப்பு 2014-ஆம் ஆண்டு தெற்கு தில்லியில் உள்ள ஷாப்பூர் ஜாட் என்ற நகர்ப்புறக் கிராமத்தின் சுவர்களில் ஓவியம் வரையும் பணியைத் தொடங்கியது. 2016-ஆம் ஆண்டில் லோதி காலனிக்கு வந்தது. மத்திய பொதுப்பணித் துறை பராமரிக்கும் குடியிருப்பு என்பதால் அரசின் ஒப்புதல் தேவைப்பட்டது, அது கிடைத்தது. ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனம் வண்ணத்துடன் ஆதரவும் அளித்தது. 2019-ஆம் ஆண்டுக்குள் இங்குள்ள ஓவியங்களின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதி இப்போது 'லோதி கலை வட்டாரம்' என்றே அழைக்கப்படுகிறது.

சுவர்கள் சொல்பவை: மெக்சிகோ ஓவியர் சென்கோவின் பறவைகள் ஒரு சுவரை நிறைத்துள்ளன. டோக்கியோவில் பிறந்த ஐகோ, ஜான்சி ராணி லட்சுமிபாயைத் தன் பாணியில் வரைந்தார். 2019-ஆம் ஆண்டில் பெங்களூரைச் சேர்ந்த 'அரவானி ஆர்ட் புராஜெக்ட்' குழுவினர், திருநங்கையரின் வாழ்வுக்கும் மதிப்பு உண்டு என்று உரக்கச் சொல்லும் ஓவியத்தை ஒரு சுவரில் தீட்டினர். திருநங்கையரும் மற்றவர்களும் சேர்ந்து வரையும் குழு அது. அதன் பெயரில் உள்ள சொல் கூவாகத்து அரவான் வழிபாட்டிலிருந்து பிறந்தது. தமிழகத்தில் அந்தச் சொல்லின் இடத்தைத் 'திருநங்கை' பிடித்துக்கொண்டுவிட்டாலும், தலைநகரின் அரசுக் குடியிருப்புச் சுவருக்கு வந்த குழுவின் பெயரில் அது நிலைத்திருக்கிறது.

ஓவியத்தைக் காணக் கட்டணம் இல்லை, வாயிற்காவலர் இல்லை, குறிப்பிட்ட நேரமும் இல்லை. அருங்காட்சியகத்தின் படியேறத் தயங்குபவரும் இங்கே தயக்கமின்றி நிற்கலாம். மாடியில் துணி உலர்கிறது. வளைவுக்குள் சைக்கிள் நிறுத்தப்பட்டிருக்கிறது. அவற்றுக்கு நடுவே ஓவியம் இருக்கிறது. வெயிலும் மழையும் பட்டு வண்ணம் மங்குவதும், அதே சுவரில் பிறகொருவர் வேறொன்றை வரைவதும் இந்தக் கலையின் இயல்பு.

உலகின் பல நகரங்களில் இத்தகைய வட்டாரங்களின் கதை ஒன்றுபோலவே இருக்கும். வாடகை குறைந்த பகுதிக்குக் கலைஞர்கள் வருவர், அவர்களைத் தேடிக் கூட்டம் வரும், கூட்டத்தைத் தேடி உணவகங்கள் வரும், வாடகை ஏறும், பழைய குடியிருப்போர் வெளியேறுவர். லோதி காலனியில் வீடு ஒதுக்குவது அரசு. அங்கு யாரும் வாடகையை ஏற்றி ஒருவரை வெளியேற்ற முடியாது. எனவே, அந்த மாற்றம் வீடுகளைத் தொடாமல் கடைத்தெருவைத் தொட்டது. பிரிவினைக்குப் பிறகு மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் பிழைப்பதற்காக உருவானது மெஹர்சந்த் மார்க்கெட். மத்திய மறுவாழ்வுத் துறை அமைச்சராக இருந்த மெஹர் சந்த் கன்னாவின் பெயரைத் தாங்கியது. தையற்கடைகளும் சிறு கடைகளும் இருந்த அந்த வரிசையில் இன்று ஆடை வடிவமைப்பாளர்களின் விற்பனையகங்களும் விலையுயர்ந்த உணவகங்களும் உள்ளன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இழந்து வந்தவர் கடை விரிப்பதற்கு இடம் தருவது அரசின் கடமை என்று அன்றைய அரசு கருதியது. அந்தக் கருத்தின் மீது எழுந்தவையே இன்று தில்லியின் புகழ்பெற்ற கடைத்தெருக்கள் பல.

சட்டம் என்ன சொல்கிறது? தில்லி சொத்துகள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம், 2007 கடுமையானது. பொதுமக்கள் பார்வையில் படும் சொத்தின் மீது மை, சுண்ணக்கட்டி, வண்ணம் ஆகியவற்றால் எழுதினாலோ குறியிட்டாலோ ஓராண்டு வரை சிறை, ரூ. 50 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அதில் இடம் உண்டு. உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் எழுதுவதற்கு மட்டுமே விலக்கு.

இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் தில்லி பல்கலைக்கழக மாணவர் சங்கத் தேர்தல் நடந்தபோது, வேட்பாளர்கள் சுவரொட்டிகளாலும் வண்ணத்தாலும் அசிங்கப்படுத்திய பொதுச் சொத்துகள் தூய்மை செய்யப்படும் வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. நவம்பர் இறுதியில்தான் முடிவுகள் வெளியாயின.

அனுமதி இருந்தாலும் எல்லாச் சுவரும் பாதுகாப்பானதல்ல. 2016-ஆம் ஆண்டு மே மாதம், தில்லி அரசின் ஆதரவுடன் நடந்த ஒரு திட்டத்தின் கீழ் கிழக்கு தில்லியின் ஷாதராவில் உருது ஈரடி ஒன்றைச் சுவரில் எழுதிக்கொண்டிருந்த இரு ஓவியர்களை ஒரு கும்பல் தடுத்தது. அவர்களில் ஒருவர் இந்தியர்; மற்றவர் பிரெஞ்சுக்காரர். எழுதியதை அழிக்கச் செய்து, தூய்மை இந்தியா இயக்கத்தின் பெயரை எழுத வைத்ததாகச் செய்திகள் வெளிவந்தன. எந்த மொழி சுவரில் ஏறலாம் என்பதைச் சட்டம் முடிவு செய்யவில்லை; தெருவில் நின்ற சிலர் முடிவு செய்தனர். லோதி காலனியின் சுவர்களுக்கு அந்த நிலை வராததற்கு அரசு அவற்றின் பக்கம் நின்றதே காரணம்.

நடுவழியில் நாடாளுமன்றம்: லோதி காலனிக்கு அருகில் உள்ள ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்க நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், வண்டி மாறாமல் தில்லி கேட் நிலையத்தில் இறங்கி தரியாகஞ்சுக்குச் செல்லலாம். நடுவே வருவது மத்தியத் தலைமைச் செயலகம். அந்த நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் நாடாளுமன்றம். நடைபாதைக்கான சட்டம் பிறந்தது அங்கேதான்.

அந்தச் சட்டம் எளிதில் வந்துவிடவில்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வது, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு அளிக்கும் தொழில் உரிமையில் அடங்கும் என்று சோதன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. அந்த வழக்கு எழுந்ததும் தில்லியில்தான். 2004, 2009 ஆகிய ஆண்டுகளில் மத்திய அரசு தேசியக் கொள்கைகளை வெளியிட்டது. கொள்கைக்குச் சட்டத்தின் வலிமை இல்லை என்பதால், 2011-ஆம் ஆண்டு ஜூன் 30-க்குள் சட்டம் இயற்றுமாறு உச்சநீதிமன்றம் 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் உத்தரவிட்டது.

அந்தக் கெடு கடந்தது. 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி மசோதா மக்களவையில் அறிமுகமானது. சரியாக ஓராண்டு கழித்து, 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவை நிறைவேற்றியது 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி. தெலங்கானா மசோதா மக்களவையில் நிறைவேறியதற்கு மறுநாள் அது. மாநிலங்களவையில் நிறைவேறியதற்கு முந்தைய நாள். நாடே வேறொரு மசோதாவைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தெருவில் கூடை வைத்து விற்பவருக்கான மசோதா பெரிய ஓசையின்றி நிறைவேறியது. மார்ச் 4-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து, மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, சட்டம் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தின் வாக்குறுதிகள் தெளிவானவை. ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அதன் உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதத்தினர் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்ட வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் கணக்கெடுப்பு நடத்தி, மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்ற வரம்புக்குள், ஏற்கெனவே தொழில் செய்பவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்று வழங்கப்படும் வரை எவரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. கணக்கெடுப்பும் விற்பனைத் திட்டமும் முடியாமல் எந்தப் பகுதியையும் விற்பனைத் தடை மண்டலமாக அறிவிக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தின் அட்டவணையில் ஒரு வாசகம் உள்ளது. வாங்குவோரும் விற்போரும் வழக்கமாகக் கூடும் இயல்பான சந்தையில், தெருவோர வியாபாரிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் தொழில் செய்து வந்திருந்தால், அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்பதே அது. தரியாகஞ்ச் ஞாயிறு சந்தையை மனத்தில் வைத்தே எழுதியதுபோல் அமைந்த வாசகம் இது.

காந்தியின் பார்வை: ரயில் மேலும் சென்றால், தில்லி கேட்டுக்கு முந்தைய நிலையம் ஐ.டி.ஓ. அங்கு காவல்துறைத் தலைமையகமாக அப்போது இருந்த கட்டடத்தின் சுவரில், 2014-ஆம் ஆண்டு தொடக்கத்தில், 150 அடி உயர காந்தியடிகளின் உருவத்தை ஜெர்மனியின் ஹென்ட்ரிக் பைகிர்ஹும் இந்தியாவின் அன்பு வர்கீயும் வரைந்தனர். மாநிலங்களவையில் தெருவோர வியாபாரிகள் மசோதா நிறைவேறியதும் ஏறத்தாழ அதே நாள்களில்தான். காவல்துறையே தன் சுவரை ஓவியர்களுக்குத் திறந்துவிட்ட ஆண்டில், நாடாளுமன்றம் நடைபாதையை வியாபாரிகளுக்கு உறுதி செய்தது. அடுத்த ஐந்தாண்டுகளில் முதலாவது பெருகியது, இரண்டாவது சுருங்கியது.

ஞாயிறு பிறந்த காரணம்: தரியாகஞ்ச், ஷாஜஹான் எழுப்பிய பழைய நகரின் தென்கிழக்கு மூலை. பதிப்புத் தொழிலின் பேட்டை. அன்சாரி சாலையிலும் நேதாஜி சுபாஷ் மார்கிலும் ஹிந்திப் பதிப்பகங்கள், பாடநூல் நிறுவனங்கள், மொத்த வியாபாரிகள் என வரிசையாக உள்ளன. ராஜ்கமல், வாணி போன்ற முன்னணி ஹிந்திப் பதிப்பகங்களின் முகவரியும் இதுவே.

ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடைகளுக்கு விடுமுறை. கதவு அடைத்த கடைகளின் முன்னே நடைபாதை காலியாக இருக்கும். 1960-களில் சிலர் அந்த இடத்தில் பழைய புத்தகங்களைப் பரப்பினர். மெல்ல மெல்ல அது தில்லி கேட் தொடங்கி நீண்டு, இருநூறுக்கும் மேற்பட்டோர் பிழைக்கும் சந்தையானது. யாரும் திட்டமிட்டு உருவாக்கியதல்ல அது. ஒரு கடை மூடியிருக்கும் நேரத்தை மற்றொரு கடை பயன்படுத்திக்கொண்ட எளிய ஏற்பாடு. செவ்வாய்ச் சந்தை, சனிச் சந்தை எனக் கிழமையின் பெயராலேயே அழைக்கப்படும் தில்லியின் வாரச் சந்தைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

புத்தகங்கள் வந்த வழி பலவகை. பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடப்பட்டவை, நூலகங்கள் கழித்துக்கட்டியவை, பதிப்பகங்களில் விற்காமல் தேங்கியவை, தலைநகரை விட்டுச் செல்லும் குடும்பங்கள் விட்டுச் சென்றவை. திருட்டுப் பதிப்புகளும் கலந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. வாங்க வந்தவர்களும் பலவகை. குடிமைப் பணித் தேர்வுக்காக முகர்ஜி நகரிலும் ராஜேந்தர் நகரிலும் அறையெடுத்துத் தங்கியவர்கள், தில்லி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், அருகில் உள்ள மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி மாணவர்கள், அச்சில் இல்லாத நூலைத் தேடும் ஆய்வாளர்கள். பிகாரின் சிற்றூரிலிருந்து வந்து, மாதச் செலவை எண்ணி எண்ணிச் செய்யும் ஒரு மாணவனுக்கு, புதுப் புத்தகத்தின் விலையில் சிறு பகுதிக்குக் கிடைக்கும் பழைய பாடநூல் சலுகை அல்ல, அதுவே கல்வி.

2019-இல் நடந்தது: நேதாஜி சுபாஷ் மார்க் தலைநகரின் நெரிசல் மிகுந்த சாலைகளுள் ஒன்று. ஞாயிறு சந்தையால் நடைபாதை முழுவதும் அடைபட்டு, பாதசாரிகள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியுள்ளது என்று போக்குவரத்துக் காவல்துறை தெரிவித்தது. அந்தச் சாலை வியாபாரத்துக்கு அனுமதியில்லாத பகுதி என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. 2019-ஆம் ஆண்டு ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, அன்றைய வடக்கு தில்லி மாநகராட்சி சந்தையை நிறுத்தியது.

வியாபாரிகள் போராடினர். எழுத்தாளர்களும் மாணவர்களும் குரல் கொடுத்தனர். சில வாரங்கள் வருமானமின்றிக் கழிந்தன. செப்டம்பரில், ஆசஃப் அலி சாலையில் பிராட்வே ஹோட்டலுக்கு எதிரே உள்ள மஹிளா ஹாட் என்ற வளாகம் ஒதுக்கப்பட்டது. பெண் தொழில் முனைவோருக்காக மாநகராட்சி கட்டி, எதிர்பார்த்த அளவு பயன்படாமல் கிடந்த இடம் அது.

மறுபக்கமும் உண்டு: பாதசாரியின் உரிமையும் உரிமையே. சக்கர நாற்காலியில் வருபவர், குழந்தையைத் தூக்கி வரும் தாய், முதியவர் ஆகியோருக்கு நடைபாதை என்பது உயிர்ப் பாதுகாப்பு. பேருந்துகள் விரையும் சாலையில் அவர்களை இறக்கிவிடும் சந்தையை, அது எவ்வளவு பழையதானாலும், குறையற்றதெனக் கூற முடியாது. தெருவோர வியாபாரிகள் சட்டமும் நடப்பவரின் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை; இரண்டையும் இணைத்துத் திட்டமிடச் சொல்கிறது.

புதிய இடத்தால் சில நன்மைகளும் உண்டு. வாகனப் புகையில் உட்கார வேண்டியதில்லை. எந்த நேரத்தில் யார் வந்து மூட்டையைக் கட்டச் சொல்வாரோ என்ற அச்சம் குறைந்தது. வாங்குவோரும் ஒதுங்கி நின்று புரட்டிப் பார்க்க முடிகிறது.

ஆனால், இழப்பு வேறு வகையானது. நடைபாதைச் சந்தையின் உயிர்நாடி, வாங்க வேண்டும் என்று வராதவர். ஜும்மா மசூதிக்குப் போகிறவர், மருத்துவமனைக்கு வந்தவர், பேருந்துக்குக் காத்திருப்பவர் காலடியில் ஒரு புத்தகத்தைப் பார்த்து, குனிந்து எடுத்து, பேரம் பேசி வாங்கிச் செல்வார். வளாகத்துக்குள் சந்தை சென்றதும், அதைத் தேடி வருபவர் மட்டுமே வாங்குபவர் ஆகிறார். நீண்ட நடைபாதையில் பரவியிருந்த கடைகள் ஒரு வளாகத்துக்குள் நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று.

விடை கிடைக்காத கேள்வி: 2019-ஆம் ஆண்டு ஜூலையில் தெருவோர வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டுகள் முடிந்திருந்தன. தில்லியில் வியாபாரிகள் கணக்கெடுப்பு அப்போது முடிந்திருக்கவில்லை. கணக்கெடுக்காமல் இடம் மாற்றக் கூடாது என்ற விதி, மாநகராட்சி தன் கடமையைச் செய்யாததாலேயே பயனற்றுப் போனது. கணக்கெடுக்க வேண்டியவரும், கணக்கெடுப்பு இல்லாத நிலையில் அகற்றியவரும் ஒரே அமைப்பு என்பதே இதில் உள்ள முரண்.

1960-களில் தொடங்கிய சந்தை 2019-இல் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கப்படுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் தலைநகரில் அரிது. அவ்வாறு அறிவிக்கும் நடைமுறை முன்பே முடிந்திருந்தால், நெரிசலுக்கு வேறு தீர்வுகளைத் தேட வேண்டிய கட்டாயம் அதிகாரிகளுக்கு ஏற்பட்டிருக்கும். நடைபாதையின் பாதி அகலத்தை நடப்பவருக்கு ஒதுக்கிக் கோடு கிழிக்கலாம். கடைகளின் எண்ணிக்கையை வரையறுக்கலாம். ஞாயிறு காலை சில மணி நேரம் சாலையின் ஒரு வரிசையை வாகனங்களுக்கு மூடலாம். இவற்றில் எதுவும் முயன்று பார்க்கப்பட்டுத் தோற்றதாகக் கூற முடியாது.

கடனும் வழக்கும்: மத்திய அரசு தெருவோர வியாபாரிகளை மறந்துவிடவில்லை. கரோனா முடக்கத்தில் தொழில் இழந்தவர்களுக்காக 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பி.எம். ஸ்வநிதி திட்டம் தொடங்கப்பட்டது. பிணையின்றி முதல் தவணையாக ரூ. 10 ஆயிரம் கடன் அளிக்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்தொகை ரூ. 15 ஆயிரமாக உயர்த்தப்பட்டு, திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டது.

அதே வேளையில் மற்றொரு காட்சியும் அரங்கேறியது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சம்ஹிதை நடைமுறைக்கு வந்த நாள் 2024-ஆம் ஆண்டு ஜூலை 1. அன்று தில்லியில் புதிய சட்டத்தின் கீழ் முதலில் பதிவானதாகச் செய்தி பரவிய வழக்கு, புது தில்லி ரயில் நிலையம் அருகே நடைமேம்பாலத்தின் கீழ் தண்ணீர் பாட்டிலும் பீடியும் விற்ற ஒருவர் மீதானது. பொது வழியை மறித்தார் என்பது குற்றச்சாட்டு, பிரிவு 285. பழைய சட்டத்தில் இதற்கு ரூ. 200 வரை இருந்த அபராதம் புதிய சட்டத்தில் ரூ. 5 ஆயிரம் வரை உயர்ந்துள்ளது. கண்டனம் எழுந்ததும், நாட்டின் முதல் வழக்கு குவாலியரில் பதிவான வாகனத் திருட்டு என்று உள்துறை அமைச்சர் அமித் ஷா விளக்கினார். தில்லி வழக்கு மறுபரிசீலனைக்குப் பிறகு கைவிடப்பட்டது. அந்த வழக்கு பதிவான கமலா மார்க்கெட் காவல் நிலையத்துக்கும் மஹிளா ஹாட்டுக்கும் இடையே அதிக தூரமில்லை.

ஒரு கையால் கடன் தரும் அரசு, மறு கையால் வழக்கு எழுதுகிறது. நாடாளுமன்றம் இயற்றிய இரண்டு சட்டங்களில் எது தன் மீது பாயும் என்பது வியாபாரிக்குத் தெரிவதில்லை. அவர் முன் நிற்கும் காவலரின் அன்றைய முடிவே அவருக்குச் சட்டம்.

யாருக்காக நகரம்? லோதி காலனியின் சுவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் சுவராக இருந்தவற்றை மக்கள் தேடி வந்து பார்க்கும் இடமாக்கியது பாராட்டுக்குரியது. அரசுத் துறை ஒன்று மனம் வைத்தால், கடுமையான சட்டத்துக்கு நடுவிலும் வழி பிறக்கும் என்பதை அந்தச் சுவர்கள் காட்டுகின்றன. கேட்க வேண்டியது வேறு. அந்த மனம் ஏன் நடைபாதைக்கு வரவில்லை?

சுவரோவியத்துக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளையும், ஒரு பெரிய நிறுவனமும், பன்னாட்டுக் கலைஞர்களும் இருந்தனர். அமைச்சகத்தின் கதவைத் தட்ட அவர்களால் முடிந்தது. தார்ப்பாய் விரித்துப் பழைய புத்தகம் விற்பவருக்குப் பின்னால் இருந்தது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் மட்டுமே. அது போதுமானதாக இல்லை.

மூன்றாகப் பிரிந்திருந்த தில்லி மாநகராட்சிகள் 2022-ஆம் ஆண்டு மே மாதம், நாடாளுமன்றம் இயற்றிய மற்றொரு சட்டத்தின் மூலம் ஒன்றாக்கப்பட்டன. சந்தையை அகற்றிய வடக்கு தில்லி மாநகராட்சி இப்போது இல்லை. ஆனால், பாரம்பரியச் சந்தை குறித்த வாசகம் சட்டத்தில் அப்படியே இருக்கிறது. மாற்றியவர்கள் போய்விட்டனர், மாற்றக் கூடாது என்ற விதி நிற்கிறது. தரியாகஞ்ச் சந்தையின் அரை நூற்றாண்டை முறைப்படி பதிவு செய்து, அது மஹிளா ஹாட்டிலேயே தொடர்ந்தாலும் இனி எவரும் அசைக்க முடியாத உரிமையாக அதை அறிவிப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இருக்கும் சட்டத்தைப் படித்தால் போதும்.